பழைய வள்ளத்துக்கு ஸ்டெயின் அடிக்கேக்க வாற பிரச்சினையள்: எந்த அறிகுறிக்கு என்ன செய்யிறது

எங்கட அம்மப்பான்ர வள்ளம் ஒண்டு இருக்குது. ஒத்தை மரத்தைக் குடைஞ்சு, மேல ரெண்டு பக்கமும் பலகை வச்சுக் கயித்தால தைச்சது, யாழ்ப்பாணத்தில அராலிப் பக்கம் பரவைக்கடலில இறாலுக்குப் போய்வந்த வள்ளம். 95 இடப்பெயர்வில பனங்காணிக்குள்ள கவிட்டு விட்டிட்டு வெளிக்கிட்டவை, பேந்து வந்து பாக்கேக்க மேல போட்டிருந்த கிடுகு ஒண்டும் இல்லை, வள்ளம் மட்டும் கிடந்தது. கன வருசம் அதுக்குக் கீழ கோழிதான் அடை கிடந்தது.

அதைத் துப்பரவாக்கி ஸ்டெயின் (மரத்துக்குள்ள ஊறி நிறம் குடுக்கிற சாமான்) அடிச்சு விறாந்தையில வைப்பம் எண்டு தொடங்கி, மூண்டு தரம் பூசி மூண்டு தரமும் உரிச்சனான். ஒவ்வொரு தரமும் கடைக்காரனைத் திட்டினன், டின்னைத் திட்டினன், டின்னில ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க மரத்துக்குள்ள. கடலில உழைச்ச மரத்துக்குள்ள மூண்டு சாமான் ஒளிச்சிருக்கும்: உப்பு, எண்ணெய், ஈரம். கீழ வாற முக்கால்வாசிப் பிரச்சினையும் இந்த மூண்டில ஒண்டுதான், அதால உங்கட அறிகுறியைத் தேடிப் படிக்க முதல் இந்தச் சின்னச் சோதனையளைச் செய்து பாத்திடுங்கோ.

முதல், பழைய பூச்சு என்னெண்டு பாக்கோணும். ஆருக்கும் தெரியாத ஒரு மூலையில பஞ்சில மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு வச்சுப் பாருங்கோ, பிசுபிசுத்துக் கரைஞ்சா அது அரக்குப் பொலிஷ். கரையேல்லை எண்டா லாக்கர் தின்னர் தொட்டுப் பாருங்கோ, அதுக்குக் கரைஞ்சா லாக்கர். ரெண்டுக்கும் அசையேல்லை எண்டா எண்ணெய் வார்னிஷ் அல்லது பெயின்ட். வெளிப்பக்கம் பழைய பெயின்ட் இருந்தா அதுக்குள்ள ஈயம் இருக்கலாம், காய்ஞ்சபடி மெஷின் பிடிச்சுத் தூள் பறக்க விடாதேங்கோ, தண்ணி தொட்டு நனைச்சு உரசுங்கோ, மாஸ்க் போடுங்கோ, பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ.

ரெண்டாவது உப்பு. பெயின்ட் இல்லாத உள்பக்கத்தில ஈரத்துணியை ஒரு மணித்தியாலம் ஒட்டி வச்சு, எடுத்து, நாக்கு நுனியில தொட்டுப் பாருங்கோ. சிரிக்காதேங்கோ, எனக்கு உதைக் காட்டித் தந்தது வள்ளம் கட்டுற ஒரு ஓடாவியார்தான். கரிச்சா உப்பு இருக்குது.

மூண்டாவது ஈரம். மீட்டர் இருந்தா 15 வீதத்துக்குக் கீழ வரோணும். இல்லாத ஆக்கள் ஒரு துண்டுப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட்டு விடிய எடுத்துப் பாருங்கோ, உள்ளுக்கு வேர்த்திருந்தா மரம் இன்னும் காயேல்லை.

ஸ்டெயின் திட்டுத் திட்டாப் பிடிக்குது, ஒரு இடம் கறுப்பு ஒரு இடம் வெளிறல்

எல்லாருக்கும் முதல் வாற பிரச்சினை இது. மூண்டு விதமா வரும், எது எண்டு பாத்துத்தான் வைத்தியம்.

அணியத்திலயும் (முன்நுனி) பின்பக்கத்திலயும் மட்டும் கறுத்துப் போச்சுதெண்டா அது மரத்தின்ர குறுக்குவெட்டு. குடைஞ்ச வள்ளத்தில ரெண்டு நுனியும் அடிமரத்தை வெட்டின பக்கம், அந்த இடத்தில நார் எல்லாம் குழாய் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிக்கும், ஊத்தினதெல்லாத்தையும் குடிக்கும். மற்ற இடத்தை 150 நம்பர் சாண்ட் பேப்பரில விட்டாலும் நுனி ரெண்டையும் 220 வரைக்கும் நைசாக் கொண்டுபோய், மெல்லிசா அரக்கு ஒரு கை பூசிப்போட்டு ஸ்டெயின் அடிச்சா ரெண்டும் ஒரு நிறத்துக்கு வரும். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்கு போதும், அதுக்கு மேல போட்டா ஸ்டெயின் பிடிக்கவே பிடிக்காது. மெழுகு எடுத்த அரக்கா எண்டு கேட்டு வாங்குங்கோ, மெழுகுள்ள அரக்கு எண்டா மேல பொலியூரித்தேன் ஒட்டாது.

சுத்தி வர வளையமா, கோடா திட்டு வந்தா அது உரசல் பிழை. ஒரு இடத்தில மெஷின், ஒரு இடத்தில கை, ஒரு இடத்தில 80 ஒரு இடத்தில 180. ஸ்டெயின் இல்லாமப் பாத்தா தெரியாது, ஸ்டெயின் பட்ட உடன எல்லாம் கோள் மூட்டிப்போடும். பூச முதல் மரம் முழுக்கத் தின்னர் தொட்டு ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ, ஈரமா இருக்கிற அந்த அரை நிமிசத்தில எல்லாக் கீறலும் தெரியும்.

மூண்டாவதுதான் எண்ணெய், எனக்கு வந்ததும் அதுதான். முந்தி வள்ளத்துக்கு வருசா வருசம் சுறா எண்ணெய் பூசுவினம். பூச்சி அரியாது, தண்ணி ஊறாது, நல்ல சாமான்தான், ஆனா கன வருசம் குடிச்ச மரம் பிறகு வேற ஒண்டையும் குடிக்காது. தண்ணி ஒரு துளி விட்டுப் பாருங்கோ, முத்து மாதிரி உருண்டு நிண்டா எண்ணெய் இருக்குது. மோந்து பாத்தாலும் தெரியும், மத்தியான வெய்யிலுக்கு எங்கட விறாந்தை முழுக்கக் கருவாட்டுக் கடை மாதிரி.

சாண்ட் பேப்பரால எண்ணெயை எடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, அது ஆழத்தில இருக்குது, சூட்டுக்கு இன்னும் மேல வரும். தின்னர் தொட்டுத் துடைக்கோணும், ஒவ்வொரு தரமும் புதுத் துணி, ஒரே துணியைத் திருப்பித் திருப்பிப் பாவிச்சா எண்ணெயை இஞ்ச இருந்து அங்க இழுத்துவிடுறதுதான். கடும் இடத்துக்கு முகத்துக்குப் போடுற பவுடரைத் தின்னரில களி மாதிரிக் குழைச்சு அரை விரல் மொத்தத்துக்கு அப்பி விட்டிடுங்கோ, காயக் காய எண்ணெயை உறிஞ்சும், மஞ்சளாப் போன உடன சுரண்டி எறிஞ்சிட்டுத் திரும்ப அப்புங்கோ. நான் அணியத்தடியில அஞ்சு தரம் அப்பினனான். முத்தத்தில வச்சுச் செய்யுங்கோ, அடுப்பு, சிகரெட் ஒண்டும் கிட்ட இருக்கக்கூடாது. அதுக்குப் பிறகும் முழுக்கப் போகாது, மிச்சத்தை மேல சொன்ன மெல்லிய அரக்கு அடக்கும். அப்பிடியும் நிறம் ஒத்து வரேல்லை எண்டா ஜெல் ஸ்டெயின் பாருங்கோ, அது களி மாதிரி மேலேயே நிக்கிறதால திட்டுக் குறைவு.

ரெண்டு நாளாச்சு, கையில ஒட்டுது, காயுதில்லை

ஸ்டெயின் எண்டது பூசிப்போட்டு விடுற சாமான் இல்லை, பூசிப் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில துடைக்கிற சாமான். கனபேர் பெயின்ட் மாதிரி மொத்தமா இழுத்துவிட்டிட்டு நிறம் வடிவா வந்திட்டுதெண்டு சந்தோசப்படுவினம், அடுத்த கிழமை சாரம் ஒட்டும். டர்பன்டைன் தொட்டு அழுத்தித் துடைச்சா மிஞ்சினது வந்திடும்.

துடைச்சும் ஒட்டுதெண்டா என்ன எண்ணெய் போட்டனீங்கள் எண்டு யோசியுங்கோ. பச்சை லின்சீட் எண்ணெய் காயக் கிழமைக் கணக்கு எடுக்கும், போயில்ட் எண்டு டின்னில போட்டிருக்கிறது ஒண்டு ரெண்டு நாளில காயும். தேங்காய் எண்ணெய் பூசினனீங்கள் எண்டா அது காயவே காயாது, அந்தச் சாதி எண்ணெய் இல்லை அது.

துணியையும் சொல்லவேணும். லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியாதேங்கோ, காயேக்க அது தானாச் சூடாகி நெருப்பே பத்தும். நான் ஒரு நாள் கிணத்தடியில குவிச்சுப் போட்டிட்டுச் சாப்பிடப் போய்வந்து தூக்கினா உள்ளுக்குக் கை வைக்கேலாத சூடு. இப்ப ஒவ்வொண்டா வேலியில விரிச்சுக் காயவிட்டுத்தான் எறியிறது, இல்லாட்டி வாளித் தண்ணிக்குள்ள.

ஆணியைச் சுத்திக் கறுப்பு, உரசினாலும் போகுதில்லை

பக்கப்பலகையைத் தைச்ச கயிறு இத்துப்போக பிறகு ஆரோ இரும்பாணி அடிச்சிருப்பினம், எங்கட வள்ளத்திலயும் அப்பிடித்தான். இரும்பும் மரத்தில இருக்கிற துவர்ப்பும் ஈரத்தில சேர்ந்தா மை மாதிரி நீலக் கறுப்பாகும், முந்தி மையே அப்பிடித்தானே காய்ச்சினவை. அது ஊத்தை இல்லை, ஆனபடியால் உரசி எடுக்கப் பாத்தா பலகைதான் பள்ளமாகும்.

ஒக்சாலிக் அமிலம் வாங்குங்கோ. ஒரு லீற்றர் சுடுதண்ணிக்கு 80 கிராம் மட்டில, பிளாஸ்டிக் வாளியில, அலுமினியச் சட்டி வேண்டாம். கையுறை, கண்ணாடி கட்டாயம், தூளைச் சுவாசிக்கக்கூடாது, உது நஞ்சு. கறுப்பு இருக்கிற இடத்துக்கு மட்டும் பூசாம அந்தப் பலகை முழுக்கப் பூசுங்கோ, இல்லாட்டிக் கறுப்புப் போய் அந்த இடம் தேமல் மாதிரி வெள்ளையா நிக்கும். காய விட்டுத் திரும்பப் பூசலாம். போன பிறகு நல்லாக் கழுவி, அப்பச்சோடா கரைச்ச தண்ணியால ஒருக்காத் துடைச்சு, திரும்பக் கழுவுங்கோ.

இதுக்குள்ள எங்கட ஊருக்கெண்டு ஒரு கண்ணி இருக்குது. நான் கழுவிக் காயவிட்டா வள்ளம் முழுக்க வெள்ளைப் பவுடர், கழுவக் கழுவ இன்னும் வருது, தலையைப் பிச்சுக்கொண்டு இருந்தனான். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்கால வாற தண்ணி, கேத்திலுக்குள்ள படியிற அதே சுண்ணாம்பு ஒக்சாலிக்கோட சேர்ந்தா கரையாத வெள்ளைத் தூளா விழும். தண்ணியில கரையாது, வினாகிரியிலயும் கரையாது. ஈரத்தோட 220 நம்பர் பேப்பரால மெதுவா உரசித்தான் எடுத்தனான். அதால கரைக்கிறதுக்கும் முதல் கழுவுறதுக்கும் மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ. கழுவின உடன கரையிற வெள்ளை எண்டா அது மிஞ்சின அமிலம்தான், பயப்பிட ஒண்டுமில்லை, இன்னும் கழுவினாச் சரி.

ஆணியை அப்பிடியே விட்டா அடுத்த மழைக்குத் திரும்பக் கறுக்கும். கழட்ட ஏலுமெண்டா கழட்டிப்போட்டுச் செம்பாணி போடுங்கோ, இல்லாட்டித் தலையை உள்ளுக்குத் தட்டி மூடுங்கோ. பலகையையே கழட்டிறதெண்டா ஓடாவியார் ஒருத்தரைக் கேக்காமக் கை வைக்காதேங்கோ. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938 இல அமெரிக்காவில குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போன பாய்க்கப்பல், அந்தக் கைவேலை தெரிஞ்ச பரம்பரை இருக்கிற ஊர் இது, நாங்கள் வீடியோ பாத்துக் கழட்டத் தேவையில்லை.

வார்னிஷ் ஒரு மாரியோட செதில் செதிலா உரியுது

பூசேக்க கண்ணாடி மாதிரி இருந்தது, தையில நகம் வச்சாக் கருவாட்டுச் செதில் மாதிரிக் கழண்டு வருது எண்டா உப்புத்தான் எண்டு வையுங்கோ. உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், மாரியில இழுக்கும், கோடையில விடும், ஒவ்வொரு தரமும் வார்னிஷை அடியில இருந்து தள்ளும். மேல எத்தினை கை பூசினாலும் பிரியோசனம் இல்லை. என்ர ரெண்டாவது தரம் அப்பிடித்தான் போனது, ஆறு கை வார்னிஷ், காசைக் கேக்காதேங்கோ.

உரிச்சுப்போட்டு உப்பை எடுக்கிற வேலையைத் தொடங்குங்கோ. ஹோஸ் பிடிச்சு ஒருக்கா அடிச்சாப் போகாது. சணல் சாக்கை நல்ல தண்ணியில தோய்ச்சு மரத்தில ஒட்டினபடி போர்த்து, நிழலில மெதுவாக் காயவிடோணும். சாக்குப் பக்கமாக் காயேக்க உப்பும் கரைஞ்சு சாக்குக்கு வரும். சாக்கை அலசித் திரும்பப் போடுங்கோ. நாக்குச் சோதனையில கரிப்பு இல்லாமப் போகும் வரைக்கும் இப்பிடிச் செய்யோணும். எனக்கு ஒன்பது தரம். தீவுப்பக்கம் இருக்கிற ஆக்கள் கவனம், உங்கட கிணத்துத் தண்ணி உவர் எண்டா நீங்கள் உப்பை எடுக்கேல்லை, போடுறியள். மழைத்தண்ணி, இல்லாட்டி பவுசரில வாற குடிதண்ணி.

பிறகு காயவிடுறது. வெய்யிலில போட்டுக் கெதியாக் காயவைக்கப் பாத்தா மரம் வெடிக்கும், ரெண்டு நுனிக்கும் மெழுகு தடவி நிழலில மாசக்கணக்கா விடுங்கோ.

உப்பு இல்லாமலும் உரியலாம். கைக்குக் கை இடையில 240, 320 எண்டு லேசா உரசாமப் பூசினா முதல் கையில அடுத்த கை பிடிக்காது, படை படையா வரும். இல்லாட்டி வீட்டுக்குள்ள மேசைக்குப் பூசுற கடும் பொலியூரித்தேனை வெளியில வச்சிருக்கிற வள்ளத்துக்குப் பூசியிருப்பியள், மரம் வீங்கிச் சுருங்கேக்க அதால கூடப் போக ஏலாது. மரைன் வார்னிஷ் எண்டு கேளுங்கோ, அது இளகும், வெய்யிலையும் தாங்கும். முதல் கைக்கு அரைவாசிக்கு அரைவாசி டர்பன்டைன் கலந்து மரத்துக்குள்ள இறங்கவிட்டு, அடுத்த கைக்குக் கால்வாசி, பிறகு கலக்காம.

வெள்ளை பூத்த மாதிரி, புகை படிஞ்ச மாதிரி

ஈரம். அரக்குப் பொலிஷ் அடிச்ச இடம் எண்டா மழைக்கால ஈரக் காத்தில ஸ்பிரிட் பறக்கேக்க குளிர்ந்து தண்ணியைப் பிடிச்சிருக்கும், நல்ல வெய்யில் மத்தியானம் ஒண்டில பஞ்சில கொஞ்சூண்டு ஸ்பிரிட் தொட்டு உரசியும் உரசாமலும் இழுத்துவிட்டாத் தெளியும். எண்ணெய் வார்னிஷ் எண்டா பனி. மாசிப் பனி மூசிப் பெய்யும் எண்டு அம்மம்மா சொல்லுறது சும்மாவே. காயாத வார்னிஷில பனி விழுந்தா மினுக்கம் செத்துப்போம், 320 ஆல உரசித் திரும்ப ஒரு கை பூசிறதுதான் வழி. கூரைக்குக் கீழ வச்சாப் பாதிப் பிரச்சினை வராது.

எந்த மாசம் நல்லம் எண்டு கேட்டா நான் பங்குனி எண்டு சொல்லுவன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில டின்னைத் திறக்கவே வேண்டாம். வைகாசிக்குப் பிறகு சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) புழுதியைக் கொண்டந்து கொட்டும், பூசின வார்னிஷில செம்மண் ஒட்டி அரத்தாள் மாதிரி இருக்கும்.

சின்னக் குமிழ், குழி, சுருக்கம்

குமிழ் வந்தா ஒண்டில் டின்னைக் குலுக்கியிருப்பியள், இல்லாட்டிக் காலமை வெய்யில் ஏறேக்க பூசியிருப்பியள், மரம் சூடாக உள்ளுக்க இருக்கிற காத்து வெளிய வரும். மத்தியானம் திரும்பின பிறகு நிழலில பூசுங்கோ. வட்டமாக் குழி விழுந்து வார்னிஷ் விலகி நிண்டா அந்த இடத்தில எண்ணெய், மேல சொன்ன தின்னரும் அரக்கும். சுருங்கினா மொத்தமாப் பூசினது, சுரண்டுறதுதான்.

வெடிப்புக்கு வச்ச புட்டி தள்ளுப்பட்டு நிக்குது

கோடையில வெடிப்பு அகலமா இருக்கும், பாத்திட்டுக் கல்லு மாதிரி இறுகிற புட்டியை நிரப்புவினம். மாரியில மரம் வீங்கி வரேக்க அதுக்கு இடமில்லை, புட்டியைத் தள்ளும், இல்லாட்டிப் பக்கத்தில புதுசா ஒரு வெடிப்பு. தச்சு வேலைப் புட்டி மேசைக்குச் சரி, வள்ளத்துக்குச் சரிவராது. பழைய ஆக்கள் குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பஞ்சோட அடைச்சது சும்மா இல்லை, அது இளகிக் கொடுக்கும். விறாந்தையில சும்மா நிக்கப்போற வள்ளம் எண்டா நான் வெடிப்பை அப்பிடியே விடச் சொல்லுவன்.

எல்லாம் சரி, ஆனா புதுக் கதிரை மாதிரி இருக்குது

இதையும் ஒரு பிழையெண்டுதான் நான் எண்ணுறன். மினுக்கம் கூடினா 400 நம்பர் பேப்பரோ சட்டி மினுக்கிற பச்சை நாரோ போட்டு லேசாத் தேய்ச்சு மெழுகு தடவலாம். இரும்பு நூல் பாவியாதேங்கோ, உதிர்ற துகள் வார்னிஷ் இல்லாத இடத்தில மரத்துக்குள்ள போயிருந்து மழைக்குக் கறுப்புப் புள்ளி புள்ளியா வரும், திரும்ப ஒக்சாலிக் வாளிக்குத்தான் போகோணும்.

மினுக்கத்தைக் குறைக்கலாம், உரசினதைத் திருப்பி ஒட்ட ஏலாது. உள்பக்கம் வாச்சி கொத்தின தடம் மீன் செதில் மாதிரி வரிசை வரிசையா இருக்கும், அதைச் சமப்படுத்தாதேங்கோ. எங்கட வள்ளத்தில பின்பக்கம் வலது ஓரத்தில ஒரு சாண் நீளத்துக்குப் பலகை வழுவழுவெண்டு பள்ளமா இருக்குது, அம்மப்பா கோல் ஊண்டேக்க அது உரசி உரசித் தேய்ஞ்ச இடம். அதில மட்டும் நான் பேப்பரும் வைக்கேல்லை, ஸ்டெயினும் வைக்கேல்லை, வருசத்துக்கு ஒருக்காப் போயில்ட் லின்சீட் ஒரு துணியில தொட்டுத் துடைக்கிறன்.